பத்துக்குப் பதினொன்று எப்படி? ஓட்டத் தாளும் ஜிம் தாளும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது: வாரம் மூன்று நாள் ஓடுகிறீர்கள், இரண்டு நாள் வெயிட் தூக்குகிறீர்கள். ஓட்டத்துக்கு ஒரு பயிற்சித் தாள், ஜிம்முக்கு வேறொருவர் எழுதிய தாள். ஒன்றில் ‘ஈஸி 40 நிமிடம், ஆர்.பி.இ. 11’ என்றும் மற்றதில் ‘ஸ்குவாட், டெம்போ 3-1-1-0, ஆர்.பி.இ. 8’ என்றும் இருக்கிறது (ஸ்குவாட் என்பது ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது). பத்துக்குப் பதினொன்று எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஃபார்ட்லெக், கார்வோனென், எப்லி, ரொமேனியன், டபாட்டா இவர்களெல்லாம் யார் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் சொற்பொருள் கேட்பது போலத் தெரிகிறது. உண்மையில் உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் வேறு. ஓட்டக்காரர்களும் வெயிட் தூக்குபவர்களும் ஒரே சொல்லை வெவ்வேறு அளவுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது: இத்தனை நிமிடம், இத்தனை கிலோ, இத்தனை ஓய்வு. அந்த எண்ணைப் பிடித்துவிட்டால் சொல் தானாக விளங்கும்.

முதலில் பதினொன்று. ஆர்.பி.இ. என்பது உடல் எவ்வளவு சிரமப்படுகிறது என்று நீங்களே மதிப்பிட்டுச் சொல்லும் எண். இதை வகுத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க். அவருடைய மூல அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். ஏன் 6 என்றால், ஆரோக்கியமான ஓர் இளைஞரின் இதயத்துடிப்பு ஓய்வில் 60, உச்சத்தில் 200 என்று வைத்து, எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறையத் துடிப்பு வரும்படி அமைத்தார். அதில் 9 ‘மிக லேசு’, 11 ‘லேசு’, 13 ‘கொஞ்சம் கடினம்’, 15 ‘கடினம்’, 17 ‘மிகக் கடினம்’. ஆக உங்கள் ஈஸி ஓட்டத்தின் 11 சரியான எண்தான். ஜிம் தாளில் இருப்பது வேறு அளவுகோல். பவர்லிஃப்டிங்கில் மைக் டூக்ஷெரர் என்ற பயிற்சியாளர் பரப்பிய பத்து வரையிலான கணக்கு அது. அங்கே ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப், ஓய்வில்லாமல் தொடர்ந்து போடும் ரெப்புகள் ஒரு செட். 10 என்றால் இன்னொரு ரெப் கூடப் போட முடியாது, 9 என்றால் ஒரு ரெப் மிச்சம், 8 என்றால் இரண்டு ரெப் மிச்சம். ஒரே 9 இங்கே மிக லேசு, அங்கே கிட்டத்தட்ட முடியாத நிலை. இரண்டையும் மாற்றிப் போட்டவர் ஓட்டத்தில் நடந்துகொண்டிருப்பார், இல்லாவிட்டால் ராடுக்கு அடியில் மாட்டிக்கொள்வார். போர்க்கே பின்னாளில் 0 முதல் 10 வரை இன்னொரு அளவுகோலையும் தந்தார், ஆகவே ஓட்டத் தாளிலும் சில சமயம் பத்துக்குள் எண் வரும். தாளில் 10-க்கு மேல் ஏதாவது ஓர் எண் தென்பட்டால் அது 6–20 அளவுகோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்படவில்லையென்றால் எழுதியவரிடம் கேட்டுவிடுங்கள். ஜிம் கணக்கில் ஓர் எச்சரிக்கை: எத்தனை ரெப் மிச்சம் என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் தப்பாகவே கணிப்பார்கள். செட் முடிவை நெருங்க நெருங்கக் கணிப்பு துல்லியமாகும். அதனால் 5 ரெப் செட்டில் சொல்லும் ‘8’-ஐ நம்பும் அளவுக்கு 15 ரெப் செட்டில் சொல்லும் ‘8’-ஐ நம்ப முடியாது.

அடுத்தது டெம்போ. ஓட்டத்தில் டெம்போ என்றால் லாக்டேட் வாசலை, அதாவது இரத்தத்தில் லாக்டேட் வேகமாகச் சேரத் தொடங்கும் எல்லையை, ஒட்டிய வேகம். போட்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் இதை 20 நிமிடத் தொடர் ஓட்டமாகவோ, 5 நிமிடத் துண்டுகள் நான்காக இடையே ஒரு நிமிட மெதுநடையுடனோ கொடுத்தார். இரண்டு மூன்று வார்த்தைகள் மட்டும் பேச முடிகிற, முழு வாக்கியம் வராத நிலை. இங்கே எல்லாரும் செய்யும் தப்பு, இதைப் போட்டியாக்கிவிடுவது. கிலோமீட்டருக்குப் பத்துப் பதினைந்து வினாடி கூடுதல் வேகத்தில் போனால் இருபது நிமிடம் முடிவதற்குள் கால் கனத்துவிடும். அது டெம்போவாக இல்லாமல், மோசமாகச் செய்த இன்டர்வலாகிவிடும் (இன்டர்வல் என்பதை அடுத்துச் சொல்கிறேன்). ஜிம்மில் டெம்போ என்றால் ஒரு ரெப்பைப் பிரித்துச் சொல்லும் நான்கு எண்கள்: இறக்க எத்தனை வினாடி, கீழே நிறுத்தம், ஏற்ற எத்தனை, மேலே நிறுத்தம். 3-1-1-0 என்றால் மூன்று வினாடியில் இறங்கி, ஒரு வினாடி நின்று, ஒரு வினாடியில் எழுந்து, மேலே நிற்காமல் அடுத்தது. பத்து ரெப்புக்கு 50 வினாடி ஆகும். முதல் எண் எப்போதும் இறக்கும் பாகத்துக்குத்தான். புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது), டெட்லிஃப்ட் (ராடைத் தரையிலிருந்து தூக்கி நிற்பது) போல ஏற்றுவதில் தொடங்கும் பயிற்சியிலும் அப்படித்தான் படிக்க வேண்டும், அங்கே பலர் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். நிதானமாக இறக்கினால் வழக்கமான எடை கனமாகத் தெரியும். புதிதாக டெம்போ போடும் வாரத்தில் எடையைப் பத்து சதவீதமாவது குறைத்துக்கொள்ளுங்கள்.

ரெப்பும் இப்படித்தான். ஜிம்மில் ஒரு முறை தூக்கி இறக்கினால் ஒரு ரெப். டேனியல்ஸின் ஓட்டத் தாளில் ‘ஆர்’ என்று குறிக்கப்படும் ரெபிடிஷன், 200 முதல் 400 மீட்டர் வரையிலான வேகத் துண்டு. ஒரு மைல் போட்டியில் ஓடும் வேகத்தில் ஓடி, ஓடிய நேரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஓய்வெடுத்து, மூச்சு முழுசாகத் திரும்பிய பிறகு அடுத்தது. இதன் நோக்கம் வேகத்தையும் ஓடும் லாவகத்தையும் பழக்குவது. ஓய்வைக் குறைத்தால் அந்த லாவகம் கலைந்துவிடும். இன்டர்வல் இதிலிருந்து வேறு: மூன்று முதல் ஐந்து நிமிடத் துண்டுகள், பத்துப் பன்னிரண்டு நிமிடப் போட்டியில் ஓடக்கூடிய வேகம், ஓடிய நேரத்துக்குச் சமமான அல்லது கொஞ்சம் குறைவான மெது ஓட்டம். இடைவெளி என்ற பொருள்படும் அந்தச் சொல் முதலில் ஓய்வைத்தான் குறித்தது. 1930-களில் ஜெர்மனியின் வோல்டெமார் கெர்ஷ்லரும் இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலும் வகுத்த முறையில், ஓடும்போது துடிப்பு 180 வாக்கில் ஏறும், ஓய்வில் 120-க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். 90 வினாடிக்குள் 120-க்கு வரவில்லையென்றால் தூரமோ வேகமோ அதிகம் என்று பொருள், அன்றைய தாள் திருத்தப்படும். இதயம் வலுப்பெறுவது அந்த இறங்கும் நேரத்தில்தான் என்பது அவர்கள் கொள்கை. அந்த விளக்கத்தை இன்று அப்படியே யாரும் ஏற்பதில்லை. ஆனால் முறை வேலை செய்தது. கெர்ஷ்லரின் சீடர் ருடால்ஃப் ஹார்பிக் 1939-இல் மிலானில் 800 மீட்டரை 1:46.6-இல் ஓடினார், அந்தச் சாதனை 1955 வரை நின்றது. செக் வீரர் எமில் ஜாடோபெக் 400 மீட்டரைப் பல பத்து முறை அடுக்கி ஓடி இதை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோனார். 1952 ஹெல்சிங்கியில் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றார். மாரத்தான் அவர் அன்றுதான் முதன்முதலாக ஓடினார்.

ஃபார்ட்லெக் ஓர் ஆளின் பெயர் இல்லை, ஸ்வீடிஷ் சொல். ‘வேக விளையாட்டு’ என்று பொருள். 1930-களில் கோஸ்டா ஹோல்மெர் என்ற பயிற்சியாளர் காட்டுப் பாதைகளில் உருவாக்கியது. கடிகாரம் பார்க்காமல், அந்த மரம் வரை வேகம், மேடு முடியும் வரை வேகம், பிறகு மெதுவாக என்று நிலத்தைப் பார்த்து ஓடுவது. ‘ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெது, பத்து முறை’ என்று உங்கள் தாளில் எழுதியிருந்தால் அது கடிகாரம் கட்டிய ஃபார்ட்லெக். தப்பில்லை, ஆனால் ஹோல்மெருக்கு அடையாளம் தெரியாது. வேகப் பகுதியைவிட மெதுப் பகுதியில்தான் பிழை வரும்: நடக்கக் கூடாது, நிற்கக் கூடாது, ஓட்டம் தொடர வேண்டும். இப்படி ஃபார்ட்லெக்கில் பழகிய ஸ்வீடனின் குண்டர் ஹேக் 1945-இல் மைலை 4:01.4-இல் ஓடினார், ஒன்பது ஆண்டு யாராலும் அதைத் தொட முடியவில்லை. 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் 3:59.4 ஓடி நான்கு நிமிடத்தை உடைத்த ரோஜர் பேனிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர். பயிற்சிக்கு நேரம் குறைவு. அவர் நம்பியது பத்து முறை 440 கஜம் என்ற கறாரான இன்டர்வல். ஆக இரண்டு வழியிலும் போய்ச் சேரலாம்.

‘பேஸ்’ என்ற பெயரை விட்டுவிட்டேன். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டிடமிருந்து வந்த சொல் என்று அதைச் சொல்ல வேண்டும், ஆனால் தமிழில் எழுதும்போது இரண்டு ‘பேஸ்’ குழம்பும். ஒன்று அடித்தளம், இன்னொன்று கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற வேகக் கணக்கு. லிடியார்ட் சொன்னது அடித்தளம். 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல் உட்பட எல்லாரையும் வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், மாதக் கணக்கில் ஓடவைத்துவிட்டு, அதற்குப் பிறகே மேட்டு ஓட்டம், அதற்கும் பிறகே தடகள வேகம் என்று அடுக்கினார். 1960 ரோமில் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். இதில் உங்களுக்கு வேண்டியது 160 என்ற எண் இல்லை, வரிசைதான். வேகக் கணக்கில் கவனிக்க வேண்டியது தசமம். 6:30 என்றால் ஆறரை நிமிடம், 6.5. டிரெட்மில்லில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று போட 60-ஐ இதனால் வகுக்க வேண்டும், 9.2 வரும். 6.3 என்று வைத்து வகுத்தால் 9.5 வரும், கேட்டதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஓர் ஒப்பீட்டுக்கு, கென்யாவின் எலியுட் கிப்சோகே 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1:59:40-இல் ஓடியது கிலோமீட்டருக்கு 2:50. முன்னே ஓடி வேகத்தைக் காட்ட மாறி மாறி வந்த பேஸர்கள் காரணமாகவும் திறந்த போட்டியாக இல்லாததாலும் அது உலக சாதனையாகக் கணக்கில் சேரவில்லை.

இதயத்துடிப்புச் சதவீதம் அடுத்த பொறி. ‘70 சதவீதத்தில் ஓடு’ என்று இரண்டு தாள்கள் சொன்னால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உச்சத் துடிப்பு 180, ஓய்வுத் துடிப்பு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாக 180-இல் 70 சதவீதம் 126. ஃபின்லாந்தின் மார்ட்டி கார்வோனென் 1957-இல் தந்த முறையில் முதலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 120-ஐ எடுத்து, அதில் 70 சதவீதம் 84-ஐக் கண்டு, ஓய்வுத் துடிப்பு 60-ஐக் கூட்ட வேண்டும்: 144. பதினெட்டுத் துடிப்பு வித்தியாசம். ஒன்று வேகநடை, இன்னொன்று ஓட்டம். உங்கள் வாட்ச் எந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறது என்பது அதன் அமைப்புப் பக்கத்தில் இருக்கும், பார்த்துவிடுங்கள். அந்த 180-ஐ எப்படிப் பிடிப்பது என்பது இன்னும் பெரிய கேள்வி. ‘220-இலிருந்து வயதைக் கழி’ என்பது முறையான ஆய்வில் பிறந்த சூத்திரம் இல்லை, பல தரவுகளைப் பார்த்துத் தோராயமாகப் போட்ட கோடு. 2001-இல் டனாகா குழுவினர் தந்த ‘208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு’ சற்று மேல். நாற்பது வயதில் இரண்டும் 180-தான். அறுபதில் ஒன்று 160, மற்றது 166. எதை எடுத்தாலும் தனி ஆளுக்குப் பத்துத் துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சாதாரணம். அதனால் ஈஸி ஓட்டத்துக்கு நான் துடிப்பைவிடப் பேச்சையே நம்பச் சொல்வேன்: முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் ஈஸி. அவ்வளவுதான்.

வி.ஓ.2 மேக்ஸ் பற்றி வாட்ச் காட்டும் எண்ணைக் கேட்டிருந்தீர்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற உச்ச அளவு அது. முகமூடி மாட்டி மூச்சுக்காற்றை அளந்தால்தான் அது அளவீடு, வாட்ச் தருவது மதிப்பீடு. அமெரிக்க மருத்துவர் கெனத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட 12 நிமிடச் சோதனை இலவசமானது: 12 நிமிடத்தில் எத்தனை மீட்டர் ஓடுகிறீர்களோ அதிலிருந்து 504.9 கழித்து 44.73-ஆல் வகுக்க வேண்டும். 2,400 மீட்டர் ஓடினால் 42.4 வரும். முதல் மூன்று நிமிடம் பாய்ந்துவிட்டால் எண் குறைவாக வரும். சீராக ஓடத் தெரிந்தவருக்கே இந்தச் சோதனை பொருந்தும்.

ஓட்டத்தில் சந்தேகத்துக்குரியவை சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 180 அடி வைக்க வேண்டும் என்பது விதி இல்லை. 1984 ஒலிம்பிக்கில் டேனியல்ஸ் உச்ச வீரர்களின் அடிகளை எண்ணியபோது ஏறக்குறைய எல்லாருக்கும் 180-உம் அதற்கு மேலும் வந்தது, அதுவும் போட்டி வேகத்தில். மெதுவாக ஓடும்போது எண்ணிக்கை குறைவது இயல்பு. உயரமும் கால் நீளமும் இதை மாற்றும். முழங்கால் வலியோடு, உடலுக்கு வெகு முன்னால் காலை ஊன்றி ஓடுபவர் தன் அடி எண்ணிக்கையை ஐந்து சதவீதம் கூட்டிப் பார்ப்பது பயன்தரும். அதற்கு மேல் அந்த எண்ணைத் துரத்த வேண்டாம். வாரம் பத்து சதவீதத்துக்கு மேல் தூரம் கூட்டாதே என்பதும் நல்ல கட்டுப்பாடு, மெலிந்த ஆதாரம். வாரம் 10 கிலோமீட்டர் ஓடுபவருக்கு அது தேவைக்கு மேல் கறார், 80 ஓடுபவருக்குத் தாராளம். லாக்டிக் அமிலத்தால் மறுநாள் வலிக்கிறது என்பது மட்டும் சந்தேகமே இல்லாமல் தப்பு. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் லாக்டேட் பழைய நிலைக்கு வந்துவிடும். வலி உச்சத்துக்கு வருவதோ 24 முதல் 72 மணி நேரத்தில். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது ஏற்படும் நுண்சிதைவும் அதைத் தொடரும் வீக்கமும்தான் அதன் பின்னணி. இறக்கத்தில் ஓடினாலும் ராடை நிதானமாக இறக்கினாலும் அதே வலி வருவது அதனால்தான்.

இனி எடை. ‘10 ஆர்.எம்.’ என்றால் பத்து முறை மட்டும், பதினொன்றாவது முறை முடியாதபடி, தூக்கக்கூடிய எடை. இந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர் தாமஸ் டிலார்ம், இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட வீரர்களின் கால்களைத் தேற்றிய அமெரிக்க ராணுவ மருத்துவர். ‘மூணு செட், பத்து ரெப்’ என்று எல்லா ஜிம்மிலும் கேட்கும் மந்திரம் அவரிடமிருந்து வந்ததுதான். ஆனால் அவருடைய மூன்று செட்டும் ஒரே எடை இல்லை: 10 ஆர்.எம்.மில் பாதி, முக்கால், பிறகு முழுசு. 10 ஆர்.எம். 40 கிலோ என்றால் 20, 30, 40. முதல் இரண்டும் இன்றைய கணக்கில் வார்ம்-அப். மூன்றுக்கும் 40 போட்டுவிட்டு மூன்றாவது செட்டில் ஆறு ரெப்பிலேயே நின்றுவிட்டால் அது உங்கள் பலவீனம் இல்லை. 10 ஆர்.எம். என்பதற்கே அர்த்தம் அதுதான்.

எப்லி என்பது ஒரு சூத்திரத்தின் பெயர். ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடையை, தூக்கிப் பார்க்காமலே கணிக்கும் வழி: ரெப் எண்ணிக்கையை முப்பதால் வகுத்து, அதோடு ஒன்றைக் கூட்டி, வரும் எண்ணால் எடையைப் பெருக்க வேண்டும். 60 கிலோவை 8 முறை தூக்கினால் 60 பெருக்கல் 1.267, அதாவது 76 கிலோ. பிர்ஸிக்கி என்ற இன்னொரு சூத்திரம் அதே தூக்கலுக்கு 74.5 தரும். பத்து ரெப் வரை இரண்டையும் நம்பலாம், அதற்கு மேல் போகப்போகக் கணிப்பு தளர்ந்துவிடும். நீண்டதூர ஓட்டக்காரர்கள் குறைந்த எடையில் நிறைய ரெப் போட்டுவிடுவார்கள், அதனால் சூத்திரம் அவர்களுடைய உச்சத்தைக் கூட்டிச் சொல்லும். 76-இல் 75 சதவீதம் 57, கிடைக்கும் பிளேட்டில் 57.5 போடலாம். இங்கே ராடின் எடையை மறக்காதீர்கள். போட்டி ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. 57.5-இல் 20 போக மீதி 37.5, பக்கத்துக்கு 18.75: ஒரு 15, ஒரு 2.5, ஒரு 1.25. ராடு தண்டவாளத்தில் ஏறி இறங்கும் ஸ்மித் மெஷினில் எதிர்ச்சுமை இருப்பதால் ராடு மெஷினுக்கு மெஷின் மாறும், அங்கே தூக்கும் எண்ணை ராக்கில் தூக்கும் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

இன்டென்ஸிட்டி என்ற சொல்லிலும் இதே மோதல். வெயிட் உலகில் அது உச்ச எடையில் எத்தனை சதவீதம் என்பது மட்டும். ஓட்டத்தில் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்பது. 90 சதவீத எடையில் ஒரு ரெப் போட்டால் வியர்க்காது, ஆனால் அது உயர் இன்டென்ஸிட்டி. லேசான டம்பெல்ஸ் எடுத்து இருபது நிமிடம் இடைவிடாமல் சுழன்றால் மூச்சு முட்டும், வெயிட் கணக்கில் அது தாழ்வு. ஃபெயிலியர் என்பதை இரண்டாகப் பிரியுங்கள்: தசை இனி தூக்காது என்பது ஒன்று, வடிவம் கலைந்துவிட்டது என்பது ஒன்று. ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்ட்டிலும் இரண்டாவது வந்ததுமே செட் முடிந்தது.

ரொமேனியன் டெட்லிஃப்ட்டின் பின்னால் உண்மையிலேயே ஒரு ருமேனியர் இருக்கிறார்: நிகு விளாட், 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் தங்கம். 1990 வாக்கில் அமெரிக்காவில் அவர் இதைச் செய்து காட்டியபோது, இதற்கு என்ன பெயர் என்ற கேள்வி வந்தது, ஒட்டிக்கொண்டது ‘ரொமேனியன்’. சாதாரண டெட்லிஃப்ட் தரையிலிருந்து தொடங்கும், இது நின்ற நிலையிலிருந்து தொடங்கும். முழங்காலை லேசாக மடக்கி அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ராடு தொடையை உரசியபடியே இறங்க வேண்டும். தொடையின் பின்பக்கம் இழுக்கத் தொடங்கும் இடம்தான் உங்கள் ஆழம், பலருக்கு அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே. தரையைத் தொட வேண்டியதில்லை. தொட முயன்றால் முதுகு வளையும். முழங்கால் மேலும் மேலும் மடங்கினால் அது ஸ்குவாட் ஆகிவிடும். ராடு உடலைவிட்டு முன்னே விலகினால் சுமை கீழ்முதுகுக்குப் போகும். ஓட்டக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு பயிற்சி எனக்குத் தோன்றவில்லை, தொடைப் பின்தசையை அது நீளும் நிலையிலேயே பலப்படுத்துகிறது என்பதால்.

பெயர்களில் குழம்பாமல் இருக்க ஒரு கோடு: ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும் பவர்லிஃப்டிங். ஸ்னாட்ச் (ஒரே வீச்சில் தலைக்கு மேல்), கிளீன் அண்ட் ஜெர்க் (முதலில் தோள் வரை, பிறகு தலைக்கு மேல்) இரண்டும் ஒலிம்பிக் பளுதூக்குதல். முன்பு மூன்றாவதாக, தோளிலிருந்து கைகளால் மட்டும் மேலே தள்ளும் பிரஸ் இருந்தது, உடலைப் பின்னுக்குச் சாய்த்துத் தூக்குவதை நடுவர்களால் கட்டுப்படுத்த முடியாமல் 1972 மியூனிக்குக்குப் பிறகு கைவிடப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு தூக்கிய 202 கிலோ என்பது ஒரே தூக்கல் இல்லை: ஸ்னாட்சில் 87, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115, இரண்டின் கூட்டு. துருக்கியின் நைம் சுலைமானோக்லு 1988 சியோலில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவை ஜெர்க் செய்தார், தன் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல். இந்த இரண்டு தூக்கலையும் எழுத்தில் படித்துக் கற்க முடியாது. பக்கத்தில் நின்று பார்க்கும் பயிற்சியாளர் இல்லாமல் தொடாதீர்கள்.

‘வால்சால்வா’ இத்தாலிய உடற்கூறியலாளர் ஒருவரின் பெயர். மூச்சை இழுத்து, தொண்டையை அடைத்து, வயிற்றை இறுக்கித் தூக்குவது. முதுகெலும்புக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்கும், கூடவே அந்தச் சில வினாடி இரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றும். உயர் இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குடலிறக்கம், கண் விழித்திரைப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பழகக் கூடாது. அவர்களுக்கு ஏற்றும்போது மூச்சை விடும் பழைய வழியே போதும்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்று மற்றதைக் கெடுக்குமா என்ற உங்கள் பயத்துக்கு வேர் 1980-இல் இருக்கிறது. ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் பத்து வாரம் ஒரு குழுவை வெயிட் மட்டும், ஒரு குழுவை ஓட்டமும் சைக்கிளும் மட்டும், ஒரு குழுவை இரண்டும் செய்யவைத்தார். இரண்டும் செய்தவர்களின் பலம் ஏழெட்டு வாரம் வரை ஏறி, பிறகு சரிந்தது. ஆனால் அவர்கள் வாரம் ஐந்து நாள் வெயிட், ஆறு நாள் கடும் ஓட்டமும் சைக்கிளும் செய்தார்கள். உங்கள் மூன்றும் இரண்டும் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. எதிர்த்திசையில், கனமான வெயிட்டும் துள்ளல் பயிற்சிகளும் ஒரே வேகத்துக்குச் செலவாகும் ஆக்ஸிஜனைக் குறைக்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நடைமுறையில் கவனிக்க வேண்டியது வரிசை. கால் வெயிட் நாளுக்கு மறுநாள் இன்டர்வல் வைக்காதீர்கள், மறுநாள் ஈஸி ஓட்டம் வையுங்கள். ஒரே நாளில் இரண்டும் என்றால் உங்களுக்கு எது முக்கியமோ அதை முதலில், இடையே பல மணி நேரம் விட்டு. டெம்போ நாளின் மாலையில் கால் வெயிட் போட்டுவிட்டு, அடுத்த நாளை முழு ஈஸியாக விடுவது பலருக்கு ஒத்துவருகிறது: கடினமான நாள் கடினமாகவே, லேசான நாள் லேசாகவே இருக்கும். ஓட்டத்தில் டேப்பர், ஜிம்மில் டிலோட் என்று சொல்வதும் ஒரே குடும்பம். மாரத்தானுக்கு முன் இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்து வேகத்தைக் கொஞ்சம் காப்பது டேப்பர். சில வாரங்களுக்கு ஒரு முறை செட்டுகளைப் பாதியாக்குவது டிலோட். இரண்டையும் ஒரே வாரத்தில் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு தாள் ஓய்வு சொல்லும் வாரத்தில் மற்றது உச்சம் சொல்லும்.

முதுகு வலி எங்கிருந்து வருகிறது, உங்கள் ஸ்குவாட் ஆழம் சரியா என்பதையெல்லாம் எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஓடும்போது நெஞ்சழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தாலும், எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்தாலும், தாளை மடித்து வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, தாளின் அடியில் இருந்த ‘டபாட்டா, பர்பி 4 நிமிடம்’. பர்பி என்பது தரையில் கை ஊன்றிக் கால்களைப் பின்னுக்கு நீட்டி, மீண்டும் எழுந்து துள்ளும் பயிற்சி. இசுமி டபாட்டா ஜப்பானிய உடலியல் ஆய்வாளர். அந்த முறையை ஸ்பீட் ஸ்கேட்டிங் அணிக்காக வகுத்தவர் அதன் பயிற்சியாளர் இரிசாவா கோயிச்சி, டபாட்டா அதை ஆய்வில் அளந்து 1996-இல் வெளியிட்டார். நிலையான சைக்கிளில், வி.ஓ.2 மேக்ஸுக்கு வேண்டிய சக்தியைப்போல் 170 சதவீதத்தில் 20 வினாடி, 10 வினாடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று. எட்டாவது சுற்றைத் தாண்ட முடியாமல் நிற்பதுதான் அதன் அளவு. அந்தச் சக்தியில் பர்பி போட யாராலும் முடியாது, வடிவம் இரண்டாவது சுற்றிலேயே கலைந்துவிடும். நான்கு நிமிடம் முடித்துவிட்டு உடனே பேச முடிகிறதென்றால் நீங்கள் செய்தது 20-க்கு 10 என்ற கடிகாரக் கணக்கில் ஒரு சுற்றுப் பயிற்சி. அதைச் செய்வதில் தவறில்லை, தாளில் அந்தப் பெயரை அடித்துவிட்டு ‘பர்பி, 20/10, 8 சுற்று, ஆர்.பி.இ. பத்துக்கு 7’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.